கார் ஜிபிஎஸ் வழி தவறுகிறதா? செட்டை மாற்றும் முன் செய்ய வேண்டியவை

பழைய காருக்குப் புதிதாக ஜிபிஎஸ் செட் போட நினைப்பவர்களுக்கும், கிண்டியில் நிற்கும்போது சைதாப்பேட்டையைக் காட்டுகிறதே என்று செட்டைத் திட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. என் காரில் அம்புக்குறி தாறுமாறாகத் தாவ ஆரம்பித்தபோது ஒரு கடையில் ‘போர்டு போச்சு சார், புதுசு போட்டுடுங்க’ என்றார்கள். இன்னொரு கடையில் மேப்பைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். இரண்டுமே கோளாறு இல்லை. சில நூறு ரூபாய் விலையுள்ள ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள் ஓர் இரும்புப் பட்டைக்கு அடியில் சொருகி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். விலைகள் நான் விசாரித்தபோது சென்னையில் சொன்னவை. கடைக்குக் கடை, மாடலுக்கு மாடல் மாறும்.

1. கோளாறு எதில் என்று முதலில் பிரியுங்கள்

செட் மூன்று வேலை செய்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கிறது. அந்த இடத்தை மேப்பில் ஒரு சாலையின் மேல் பொருத்துகிறது. பிறகு போக வேண்டிய வழியைக் கணக்கிடுகிறது. செயற்கைக்கோளுக்கு வேலை முதலாவதில் மட்டும்தான். இது தெரியாவிட்டால் ஒன்றுக்குச் செய்ய வேண்டிய செலவை இன்னொன்றுக்குச் செய்துவிடுவோம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்’ என்று விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அது கிளம்பிய நேரத்துக்கும் உங்கள் காருக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று செட் கணக்கிடுகிறது. நேரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. உங்கள் செட்டில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ். அந்தப் பிசகையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் தேவைப்படுகிறது.

காரிலிருந்து செயற்கைக்கோளுக்கு எதுவும் போவதில்லை, கேட்பது மட்டும்தான். அதனால் ‘சேட்டிலைட் சார்ஜ்’ என்று மாதச் சந்தா யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சந்தா இருந்தால் அது மேப்புக்கோ, சிம்முக்கோ, டிராக்கிங் சேவைக்கோ இருக்கும். எதற்கு என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இப்போது அறிகுறிகளைப் பாருங்கள். அம்புக்குறி தாவுகிறது, பக்கத்துத் தெருவில் ஓடுகிறது, சிக்னலில் நிற்கும்போதும் மெல்ல நகர்கிறது என்றால் அது சிக்னல் பிரச்சினை. அம்புக்குறி சரியாக ஓடுகிறது, ஆனால் நீங்கள் போகும் சாலையே திரையில் இல்லை, வெறும் வயலுக்குள் கார் போவதுபோல் காட்டுகிறது என்றால் மேப் பழசு. இரண்டும் சரி, ஆனால் பெரம்பூருக்குப் போகப் பல்லாவரத்தைச் சுற்றச் சொல்கிறது என்றால் செட்டிங்கிலோ இன்டர்நெட்டிலோ பாருங்கள்.

சிக்னல் பிரச்சினையை உறுதிசெய்யத் திறந்த வானம் வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை போதும், தீவுத்திடல் பக்கமும் சரி. நூறடி சாலையில் மெட்ரோ பாலத்துக்கு அடியில் நின்று சோதித்தால் நல்ல செட்டும் திணறும். இன்ஜினை ஆன் செய்து, போனை டேஷ்போர்டின் மேல் வைத்து, இரண்டும் காட்டும் இடத்தை ஒப்பிடுங்கள். நல்ல வெட்டவெளியில் போன் ஐந்து மீட்டருக்குள் காட்டிவிடும். செட் ஐம்பது மீட்டர் தள்ளிக் காட்டினால் ஆன்டெனாவைச் சந்தேகியுங்கள்.

அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். நாள்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் செட்டுக்கு எல்லாத் தகவலும் பழசாகியிருக்கும். ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதைத் தகவல் வந்து சேரவே 30 நொடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொதுப் பட்டியல் முழுதாக இறங்க 12½ நிமிடம் ஆகும். போன் இதையெல்லாம் இன்டர்நெட்டில் எடுத்துக்கொள்வதால் உடனே காட்டுகிறது. செட்டுக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள்.

பழைய செட்டில் இடம் கொஞ்சம் பரவாயில்லை, தேதி மட்டும் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டுகிறதா? ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. அதைப் புரிந்துகொள்ளாத செட்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வேண்டும். ஆன்டெனாவை மாற்றிப் பயனில்லை.

2. எதற்கு எவ்வளவு செலவு

மிகக் குறைந்த செலவு, போனுக்கு ஒரு ஸ்டாண்டும் நல்ல சார்ஜரும். 300 முதல் 1,500 ரூபாய்க்குள் முடியும். என்னைக் கேட்டால் நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இதுவே போதும். ஒரே தொல்லை வெயில். ஏப்ரல், மே மாதங்களில் கண்ணாடியை ஒட்டி வைத்த போன் சூடாகித் திரை மங்கும், சில நேரம் அணைந்தே போகும், அதுவும் சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில். ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் ஸ்டாண்டு வாங்கினால் போன் குளிர்ச்சியாக இருக்கும்.

அடுத்தது, போனைத் திரையில் காட்டும் செட், அதாவது ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வகை. மேப்பும் இன்டர்நெட்டும் போனுடையவை. வயர் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓட போனில் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பெயர் பெற்ற கம்பெனி செட் என்றால் பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்து மேலே போகும்.

மூன்றாவது, கடைகளில் அதிகம் விற்கும் ‘ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ’. இதற்குள்ளேயே ஜிபிஎஸ் சிப் இருக்கும், ஆன்டெனா வயர் தனியாக வரும். 6,000 முதல் 20,000 வரை சொல்வார்கள். உங்கள் காருக்கான ஃபிரேமும், வயர்களை இணைக்கும் கப்ளரும் 1,000 முதல் 2,500, மாட்டுக் கூலி 500 முதல் 1,500. செட்டின் விலையை மட்டும் சொல்லி அழைத்துவிட்டு, டேஷ்போர்டைக் கழற்றிய பிறகு இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது வழக்கம். எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

வெறும் ஆன்டெனா மாற்றுவதற்கு 300 முதல் 800 ரூபாய் ஆகும். ரிச்சி தெருவிலும் கிடைக்கும். ஆனால் முனை பொருந்துகிறதா என்று பார்க்கப் பழையதைக் கையில் எடுத்துப் போங்கள்.

மஞ்சள் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. கடைக்காரர்கள் வழிகாட்டும் செட்டையும் வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குச் சொல்லும் டிராக்கரையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 125எச் கேட்பது இந்த இரண்டாவது சமாச்சாரம். ஏஐஎஸ் 140 தரச்சான்று பெற்ற கருவியும் அவசர பட்டனும் வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ அதற்குக் கணக்கில் வராது. சொந்த உபயோகக் காருக்கு அந்த விதி கிடையாது.

3. கையில் எடுத்துப் போக வேண்டியவை

ஆர்சி நகல். மாடல், தயாரித்த மாதம், சேசிஸ் எண் மூன்றும் அதில் இருக்கும். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் கப்ளர் மாறும் என்பதால் இது வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசி. கம்பெனி வாரண்டி நடப்பில் இருந்தால் அந்தப் புத்தகமும். வெளியே வயரிங் செய்தால் மின்சாரப் பகுதிகளின் வாரண்டி என்னாகும் என்ற பக்கத்தை வீட்டிலேயே படித்துவிடுங்கள். பலர் இதை வண்டி சர்வீசுக்குப் போன பிறகுதான் படிக்கிறார்கள்.

சில கார்களில் பழைய கம்பெனி ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டு. பேட்டரி வயரைக் கழற்றினால் ரேடியோ பூட்டிக்கொண்டு அந்த எண்ணைக் கேட்கும். ஓனர் மேனுவலோடு ஒரு சிறு அட்டையில் இருக்கும், தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் பின்னால் பழைய செட்டைத் திரும்ப மாட்ட முடியாது.

4. கடையில் பேச வேண்டியது

கார் அலங்காரப் பொருள்கள் என்றால் சென்னையில் ஜி.பி. ரோடுதான். வார நாளில் காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். நல்ல ஃபிட்டருக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை. மாலையில் போனால் வெளிச்சம் போன பிறகு டார்ச்சில் வயரிங் நடக்கும்.

‘வயர் கட் பண்ணக் கூடாது, கப்ளர் டு கப்ளர்தான்’ என்று வேலை தொடங்கும் முன் சொல்லுங்கள். கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்றினால் வாரண்டியில் சண்டை வரும், மழைக்காலத்தில் ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் ரேமை நம்ப வேண்டாம். செட்டை மேசையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லி, நீங்கள் கொண்டுபோன பென்டிரைவிலிருந்து ஒரு சோதனை ஆப்பைப் போட்டுப் பாருங்கள். செட்டிங் பக்கத்தில் காட்டும் எண்ணைக்கூட மாற்றி எழுதி வைக்கிறார்கள்.

சிக்னல் அலைவரிசை பற்றியும் கேளுங்கள். பெரும்பாலான மலிவுச் செட்டுகள் எல்1 மட்டும் வாங்கும். எல்5 சேர்ந்து வாங்கும் செட் உயரமான கட்டடங்களுக்கு நடுவே குறைவாகத் தடுமாறும். ஜிபிஎஸ் போன்ற நம் நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் முதலில் எல்5, எஸ் அலைவரிசைகளில்தான் ஒலிபரப்பியது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்விஎஸ் 01 செயற்கைக்கோள் முதல்தான் எல்1 சேர்ந்தது. ஆகவே எல்1 மட்டும் வாங்கும் செட்டின் பெட்டியில் நாவிக் என்று பெரிதாக அச்சடித்திருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். இருந்தால் நல்லது, அவ்வளவே.

பில் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ‘பில் இல்லாமல்னா ரெண்டாயிரம் குறைச்சுத் தரேன்’ என்பார்கள். உங்கள் பெயர், வண்டி எண், செட்டின் சீரியல் எண் மூன்றும் உள்ள ஜிஎஸ்டி பில் வேண்டும். ஏன் என்று ஏழாவது படியில் தெரியும்.

5. ஆன்டெனா எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்

என் தொல்லை எல்லாம் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆன்டெனா தீப்பெட்டிக்கும் சிறிய ஒரு கறுப்புக் கட்டி. உள்ளே ஒரு பீங்கான் தகடு இருக்கும். அதன் முகம் வானத்தைப் பார்த்துப் படுக்கையாக இருக்க வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் தரைக்கு வரும்போது மிக மிகப் பலவீனமாகிவிடும். பிளாஸ்டிக்கும் சாதாரணக் கண்ணாடியும் அதைத் தடுக்காது, உலோகம் முழுக்கத் தடுத்துவிடும். டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக்குக்கு அடியில் வைத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் டேஷ்போர்டுக்குள் குறுக்கே ஒரு கனத்த இரும்புக் கம்பி ஓடும், செட்டைத் தாங்கும் பட்டைகள் இருக்கும், ஏசி பெட்டி இருக்கும். ஃபிட்டர் அவசரத்தில் ஆன்டெனாவைச் செட்டின் பின்னால் இருக்கிற காலி இடத்தில் சுருட்டித் தள்ளிவிடுவார். வெளியே ஒன்றும் தெரியாது, பார்க்கவும் நன்றாக இருக்கும். சிக்னல் மட்டும் வராது.

சரியான இடம் முன் கண்ணாடியை ஒட்டிய டேஷ்போர்டின் மூலை, முடிந்தால் மேல் பிளாஸ்டிக்குக்கு உள்ளே. வெளியே டபுள் டேப்பில் ஒட்டினால் சென்னை வெயிலுக்கு ஒரு கோடை தாங்குவதே அபூர்வம். பசை உருகி ஆன்டெனா கவிழ்ந்துவிடும். உள்ளே வைத்து நல்ல பட்டை டேப் போடச் சொல்லுங்கள்.

பயணி பக்கம் ஏர்பேக் மூடி மேல் எதையும் ஒட்டக் கூடாது. பக்கத் தூணில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரானால் அந்தத் தூண் வழியாக ஆன்டெனா வயரை இழுக்கவும் விடாதீர்கள். வயர் மிச்சமானால் தளர்வாகச் சுற்றி வைக்கலாம், மடித்து இறுக்கிக் கட்டக் கூடாது.

முன் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு உள்ள கார்களும் உண்டு. அவற்றில் உள்ளே எங்கே வைத்தாலும் சிக்னல் மந்தமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட கண்ணாடியில், பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் உள்கண்ணாடி மாட்டியுள்ள இடத்துக்கு அருகே பூச்சு இல்லாத சிறு பகுதி விட்டிருப்பார்கள், ஃபாஸ்டேக் ஒட்டுவதும் அங்கேதான். ஆன்டெனாவையும் அதன் பக்கத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள்.

மலிவான டேஷ்கேமும் மலிவான சார்ஜரும் கிளப்பும் மின் இரைச்சலே சிக்னலைக் கெடுக்கும். செட் திடீரென்று செயற்கைக்கோள்களைத் தொலைத்தால், சிகரெட் லைட்டர் துளையில் சொருகியிருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். பைசா செலவில்லாத வைத்தியம், பல நேரம் பலிக்கும்.

டேஷ்போர்டை மூடுவதற்கு முன் சோதியுங்கள். மூடிய பிறகு ‘ரெண்டு நாள்ல செட் ஆயிடும்’ என்ற பதில்தான் கிடைக்கும். செட்டில் செயற்கைக்கோள் பட்டியலைக் காட்டும் ஆப்பைத் திறந்து, சிக்னல் வலிமையைப் பாருங்கள். வெட்டவெளியில் பல செயற்கைக்கோள்களுக்கு 35, 40 என்று எண் வந்தால் நல்லது. எல்லாமே 25க்குக் கீழ் இருந்தால் ஆன்டெனாவை இடம் மாற்றச் சொல்லுங்கள். கடை வாசல் ஜி.பி. ரோட்டில் கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும், எண் கொஞ்சம் குறையும். அதனால் பக்கத்தில் போனை வைத்து ஒப்பிடுவதே நியாயமான சோதனை.

எவ்வளவு நல்ல ஆன்டெனாவும் தடுமாறும் இடங்கள் உண்டு. பாரிமுனைக்கு உள்ளே இருக்கும் சந்துகள், பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் போன்ற இடங்களில் சிக்னல் நேராக வராமல் சுவரில் மோதித் திரும்பி வரும். சுற்றி வந்ததால் நேரம் கூடுகிறது, செட் அதை அதிகத் தூரம் என்று எடுத்துக்கொண்டு உங்களை அடுத்த தெருவில் வைக்கிறது. இதற்காக ஃபிட்டரிடம் சண்டை போட வேண்டாம். கம்பெனி பொருத்தி வரும் செட்டுகளில் பல, சக்கரம் சுற்றும் வேகத்தையும் கார் திரும்பும் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் சிக்னல் இல்லாத இடத்திலும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். வெளியில் வாங்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் சாதாரணமாக இந்த வசதி இருக்காது. மால்களின் அடித்தள பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்ததும் அது சொல்லும் முதல் திருப்பத்தை நம்பாதீர்கள்.

6. மேப்பும் முகவரியும்

கம்பெனி செட்டில் மேப் ஒரு எஸ்டி கார்டிலோ உள் நினைவகத்திலோ இருக்கும். பல கார்களில் அது சேசிஸ் எண்ணோடு கட்டப்பட்டது. வெளியில் விற்கும் ‘லேட்டஸ்ட் மேப்’ கார்டு ஓடாது, சில நேரம் செட்டையே பூட்டிவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இலவசப் புதுப்பிப்பு எத்தனை வருடம் என்று முதலில் கேளுங்கள். இருப்பது தெரியாமலே காலாவதியாக விடுபவர்கள் அதிகம்.

மேப் பழசா என்று பார்க்க எளிய வழி, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் தேடுவது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். திரையில் வரவில்லை என்றால் உங்கள் மேப் அதற்கு முந்தையது. ஊரிலிருந்து வரும் உறவினரை அழைக்கக் கோயம்பேட்டில் போய்க் காத்திருக்க வைக்கும்.

போன் மேப் பயன்படுத்துபவர்கள் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளை வீட்டு வைஃபையில் ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் வழி வரும், நெரிசல் தகவல் வராது. அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

சென்னை முகவரி ஒரு தனிக் கதை. ‘பழைய எண் 27, புதிய எண் 12’ என்று இரண்டு எண் உள்ள தெருக்களில் மேப் எதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் இல்லாத பேட்டை கிடையாது, தேடினால் முதலில் வருவது உங்கள் தெருவாக இருக்காது. அண்ணா சாலைக்கு மவுண்ட் ரோடு, ராஜீவ் காந்தி சாலைக்கு ஓஎம்ஆர் என்று பழகிய பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். பின்கோடையும் சேர்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அதைவிட நல்லது, போகும் வீட்டுக்காரரிடம் லொகேஷன் அனுப்பச் சொல்வது. வாசலில் நின்று அனுப்பச் சொல்லுங்கள். அடுக்குமாடியில் ஹாலில் உட்கார்ந்தபடி அனுப்பினால் குறி பின்தெருவில் விழும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைச் செட்டில் தட்டுவதானால் வரிசை முக்கியம். சென்னைக்கு முதலில் 13, பிறகு 80. மாற்றிப் போட்டால் வட துருவத்துக்குப் பக்கத்தில் கடலைக் காட்டும். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து எண் போட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர்வரை தள்ளிப்போகும். தபால் துறை 2025ல் கொண்டுவந்த டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீடும் இதே வேலையைச் செய்கிறது. நாட்டை ஏறக்குறைய நான்குக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் செட் அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் போனில் ரேகை எண்ணாக மாற்றித் தட்டுங்கள்.

7. இன்சூரன்ஸில் சேர்க்க மறக்காதீர்கள்

கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்த செட் காரின் மதிப்பில் சேர்ந்திருக்கும். நீங்களாக வெளியில் போட்டது சேராது. திருட்டுப் போனாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ, பாலிசியில் எழுதப்படாத செட்டுக்குப் பணம் வராது. இதற்கென்றே ஐஎம்டி 24 என்ற ஒரு சேர்ப்பு இருக்கிறது. பொதுவாகச் செட் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். இருபதாயிரம் ரூபாய்ச் செட்டுக்கு வருடம் 800 ரூபாய், வரி தனி. செட் போட்டவுடன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பில் நகலையும் பொருத்திய படத்தையும் அனுப்பினால் பாலிசியில் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட் தருவார்கள். வண்டியை நேரில் பார்க்கவும் கேட்கலாம். புதுப்பிக்கும் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். வெறும் மூன்றாம் நபர் பாலிசி வைத்திருந்தால் இது எதுவும் பொருந்தாது, அதில் உங்கள் காருக்கே காப்பு கிடையாது.

பில்லில் சீரியல் எண் இல்லை என்றால் இங்கேதான் சிக்கும்.

8. சென்னைச் சாலையில் ஓட்டும்போது

மேம்பாலத்தின் மேலே போவதா, அடியில் போவதா? செட் தடுமாறுவது இங்கேதான், அதற்குக் காரணமும் உண்டு. செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன. கீழிருந்து வர வேண்டியவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. அதனால் பக்கவாட்டு இடத்தைவிட உயரத்தில் பிழை அதிகம். பாலத்தின் மேலும் கீழும் மேப்பில் ஒரே புள்ளி. நீங்கள் பாலம் ஏறாமல் கீழே போனது செட்டுக்குக் கொஞ்ச தூரம் கழித்துத்தான் தெரியவரும். கத்திப்பாராவில் அதற்குள் நீங்கள் வேறு வளைவில் ஏறியிருப்பீர்கள். கத்திப்பாரா, கோயம்பேடு, மதுரவாயல், பாடி வழியாகப் போவதாக இருந்தால் கிளம்பும் முன்னரே வழியைத் திரையில் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பச்சைப் பலகை சொல்வதே சரி.

மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை 118.9 கிலோமீட்டருக்கு நடக்கிறது. ஓஎம்ஆர், ஆற்காடு சாலை, மயிலாப்பூர், புரசைவாக்கம் பக்கம் நேற்று இருவழியாக இருந்த தெரு இன்று ஒருவழியாக இருக்கும். நிலையான மேப் உள்ள கம்பெனி செட்டுக்கு இது தெரியவே தெரியாது. இந்தப் பகுதிகளுக்கு மட்டுமாவது போன் மேப்பைப் பாருங்கள். மழை நாளில் கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகள் வழியாகச் செட் அழைத்தால், போக்குவரத்துக் காவல் துறையின் எக்ஸ் பக்கத்தில் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீர் நிற்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

செட்டிங்கில் இரண்டைச் சரிபாருங்கள். வீட்டில் யாராவது பைக் ஓட்டும்போது போன் மேப்பைப் பைக் வழிக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். கார் நுழையாத சந்துக்குள் கொண்டுபோய்விடும். ‘சுங்கச் சாலை தவிர்’ ஆன் செய்திருந்தால் வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை விட்டுவிட்டு ஊருக்குள் இழுத்தடிக்கும்.

போலீஸ் கேட்டால்? ஓட்டும்போது கையில் போன் வைத்திருப்பது சட்டப்படி ஆபத்தான ஓட்டுதலில் சேரும். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் விதியில் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டாண்டில் மாட்டி, கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டு, குரலைக் கேட்டு ஓட்டினால் அதற்குள் அடங்கும். சிக்னலில் நிற்கும்போது கையில் எடுத்துத் தட்டுவது அடங்காது.

கழற்றிய பழைய செட்டைக் கடையில் விட்டுவராதீர்கள். ‘ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கிறேன் சார்’ என்று கேட்பார்கள். காரை விற்கும் நாளில் புதுச் செட்டை நீங்கள் எடுத்துக்கொண்டு இதைத் திரும்ப மாட்டலாம். ரேடியோ எண் அட்டையோடு சேர்த்துக் கட்டிப் பரண்மேல் வையுங்கள்.